ஆஸ்கிடாக்கில் உரையை எடுத்தாளும்போது தவிர்க்க வேண்டியவை

ஆஸ்கிடாக் என்பது ஆவணங்களைச் சாதாரண உரையாக எழுத உதவும் ஒரு குறியீட்டு முறை. அதில் அடைப்புக்குறியை மூடாமல் விடுவது, கோப்புப் பெயரில் எழுத்துப்பிழை இதெல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். கோப்பே கிடைக்கவில்லை என்றால், அந்த உரையைப் பக்கமாக மாற்றும் ஆஸ்கிடாக்டர் என்ற மென்பொருள் பிழை காட்டும், பக்கத்திலும் அது தெரியும். சத்தமே இல்லாமல் நடக்கும் தவறுகள்தான் ஆபத்து. புதிதாக வருகிறவர்கள் ஒருவர் விடாமல் அவற்றையே செய்கிறார்கள்.

வரி எண் கொடுத்து இழுப்பது

இன்னொரு கோப்பின் ஒரு பகுதியை மட்டும் இன்க்ளூட் செய்ய, அதாவது நம் ஆவணத்துக்குள் இழுத்துச் சேர்க்க, இரண்டு வழி உண்டு: வரி எண், டேக் (பகுதிக்கு வைக்கும் பெயர்க் குறி). வரி எண் சுலபம் என்பதால் எல்லோரும் அதில்தான் போய் விழுகிறார்கள்.

ஒரு நிறுவல் கையேட்டில், காப்பு (பேக்கப்) எடுக்கும் ஸ்கிரிப்டின் 14 முதல் 22 வரையான வரிகளை இப்படி இழுத்திருந்தார்கள். பிறகு டெவலப்பர் ஒருவர் ஸ்கிரிப்டின் தலையில் நான்கு வரி உரிமக் குறிப்பைச் சேர்த்தார். அவர் செய்ததில் தவறே இல்லை. ஆனால் கையேட்டில் எல்லாம் நான்கு வரி இறங்கி, கடைசி நான்கு வரிகள் வெளியே போய்விட்டன. எடுத்த காப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளை அந்த நான்கில்தான் இருந்தது. பில்ட் (ஆவணத்தை உருவாக்கும் ஓட்டம்) பச்சை, அதாவது வெற்றி; எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. கையேட்டைப் பார்த்துக் காப்பு எடுத்தவர்கள் சோதிக்காமலே எடுத்தார்கள். இன்றைக்கும் யாராவது வரி எண்ணோடு கோப்பை அனுப்பினால் எனக்கு எரிச்சல் வருகிறது.

டேக் போடுங்கள். ஸ்கிரிப்டிலேயே கமெண்ட் வரியாகத் தொடக்கத்தையும் முடிவையும் ஒரு பெயரால் குறித்துவிட்டால், மேலே எத்தனை வரி சேர்ந்தாலும் பகுதி நகராது. அந்தக் குறி வரிகள் பக்கத்தில் அச்சாகவும் செய்யாது. யாராவது டேக்கை அழித்துவிட்டால் ஆஸ்கிடாக்டர் எச்சரிக்கும். ஆனால் எச்சரித்துவிட்டு வேலையை வெற்றியாகவே முடித்துக்கொள்ளும். அதனால் எச்சரிக்கை வந்தாலே பில்ட் தோற்கும்படி ஃபெயிலியர் லெவலை ‘வார்ன்’ என்று வைத்துவிடுங்கள். இதை யாரும் செய்வதில்லை.

வெற்று வரி

இரண்டு இன்க்ளூடுக்கு நடுவில் கட்டாயம் ஒன்று.

துண்டுக் கோப்பில் ஆட்ரிபியூட் வரையறுப்பது

இன்க்ளூட் என்பது அந்த இடத்தில் உரையை ஒட்டுவதுதான். ஆட்ரிபியூட் என்பது பதிப்பு எண் போன்ற ஒரு மதிப்புக்கு வைக்கும் பெயர். இழுத்துச் சேர்க்கும் துண்டுக் கோப்புக்கு உள்ளே மாற்றிய பதிப்பு எண் அதற்குக் கீழே வரும் ஆவணம் முழுவதற்கும் பரவும். ஆட்ரிபியூட்களைத் தாய்க் கோப்பின் தலைப்பகுதியில் மட்டும் வையுங்கள்.

குறிப்புகளை எச்டிஎம்எல் கமெண்டாக எழுதுவது

மார்க்டவுன் என்ற இன்னொரு குறியீட்டு முறையிலிருந்து வருகிறவர்களின் பழக்கம் இது. அங்கே அது திரையில் தெரியாது என்றாலும் பக்கத்தின் மூலத்தில் உட்கார்ந்திருக்கும். ஆஸ்கிடாக்கில் நேராகப் பக்கத்திலேயே வந்துவிடும். ‘இந்த விலையை வாடிக்கையாளரிடம் சொல்லாதே’ என்ற குறிப்பை வாடிக்கையாளரே படிப்பார். வரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டு எழுதுங்கள், வெளியீட்டுக்குப் போகாது. ‘சரிபார்க்க’ என்று மட்டும் எழுதாமல், எதை, யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். எல்லாக் குறிப்பும் ஒரே சொல்லில் தொடங்கினால், வெளியிடும் முன் ஒரே தேடலில் அத்தனையையும் பிடித்துவிடலாம்.