கண்ணில் கரும்புச் சோகை கிழித்தால்: முதல் மணி நேரத்திலிருந்து புண் ஆறும்வரை

ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கம் கரும்பு வெட்டும்போதும், ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மார்கழி, தையிலும் கண்ணில் சோகை (கரும்பு இலை) கிழிப்பதும் குச்சி குத்துவதும் புதிதல்ல. கீறல் மட்டும் என்றால் ஓரிரு நாளில் தானே மூடிக்கொள்ளும். சிக்கல் கீறலில் இல்லை, அதன் வழியே உள்ளே போவதில்தான். இலையிலும் மண்ணிலும் இருக்கும் ஃபுசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் கருவிழிக்குள் (கண்ணின் முன்னால் கண்ணாடி போல் இருக்கும் படலம்) வேர்விட்டால் அது கருவிழிப் புண். தென்னிந்தியாவில் இந்தப் புண்ணுக்குப் பாக்டீரியாவைப் போலவே பூஞ்சையும் பெரிய காரணம். அதனால் ‘ஏதாவது ஒரு ஆன்டிபயாட்டிக் சொட்டு’ இங்கே போதாது.

அடிபட்டதும் கண்ணைக் கசக்காமல், சுத்தமான தண்ணீரையோ காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையோ மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். முள்ளோ சிம்போ குத்தி நின்றால் கழுவவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாக்கால் தூசு எடுப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எல்லாமே கீறலுக்குள் கிருமியை வைத்து மூடுவதற்குச் சமம். காப்பிச் செடிக்கு அடிக்கும் போர்டோ கலவை தெறித்தால் கதையே வேறு. அதில் மயில்துத்தத்தோடு சுண்ணாம்பும் இருக்கிறது. சுண்ணாம்பு கருவிழியை அரித்துக்கொண்டே போகும். ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல், இமையைப் புரட்டிப் பிடித்து, அரை மணி நேரமாவது விடாமல் கழுவிய பிறகுதான் வண்டி ஏற வேண்டும்.

கீறல் மட்டும்தானா என்பது ஃப்ளூரசின் சாயம் போட்டு நீல ஒளியில் பார்த்தால் தெரியும். தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வில், கருவிழி கீறியவர்களுக்குப் புண் வராமல் தடுக்க 1% குளோராம்ஃபெனிக்கால் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பை ஒரு நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாள் போட்டார்கள். அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் யாருக்கும் புண் வரவில்லை. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

பூஞ்சைப் புண் அவசரப்படாது. சில நாள் கழித்து, சில சமயம் ஒரு வாரம் கழித்தும், கருவிழியில் காய்ந்தாற்போல ஒரு சாம்பல் வெள்ளைப் புள்ளி தெரியும். ஓரம் இறகு போலப் பிசிறடித்திருக்கும். பக்கத்தில் குட்டிப் புள்ளிகளும் வரலாம். புண்ணின் அளவுக்கு வலி இருக்காது. இதனால்தான் பலர் மெடிக்கலில் ‘கண் சிவப்புக்கு’ என்று சொட்டு வாங்கிக் காலம் கடத்துகிறார்கள். அந்தப் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். டெக்சாமெத்தசோன், பிரட்னிசலோன், பீட்டாமெத்தசோன் என்று எதுவும் இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பும் வலியும் ஓரிரு நாளில் குறையும், பூஞ்சை மட்டும் உள்ளே நிம்மதியாக வளரும். பாக்டீரியாப் புண்ணிலேயே ஸ்டீராய்டு சேர்த்தால் பலன் உண்டா என்று 500 பேரிடம் சோதித்தார்கள். கிருமி உறுதியாகி, 48 மணி நேரம் ஆன்டிபயாட்டிக் போட்ட பிறகுதான் சேர்த்தார்கள். அப்படியும் மூன்று மாத முடிவில் பார்வை கூடவில்லை. பூஞ்சை இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

மலையிலிருந்து இறங்குகிறவர்கள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல, புண்ணைச் சுரண்டிப் பார்க்கும் வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போவது நல்லது. மரத்துப்போக சொட்டு விட்டு, ஸ்லிட் லேம்ப் என்ற கண் உருப்பெருக்கியில் பார்த்தபடி புண்ணின் ஓரத்தையும் அடியையும் சுரண்டுவார்கள். ஒரு ஸ்லைடில் 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, இன்னொன்றில் பாக்டீரியாவைக் காட்டும் ‘கிராம்’ சாயம், மீதி கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு. முதல் ஸ்லைடில் பூஞ்சை இழை அன்றைக்கே தெரிந்துவிடும். கல்ச்சரில் பூஞ்சை வளர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம், அதற்காக மருந்து காத்திருக்காது. ஏற்கெனவே போட்ட சொட்டுப் பாட்டில்களை எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். மரத்துப்போக விடும் சொட்டை மட்டும் வீட்டுக்குக் கேட்காதீர்கள். தொடர்ந்து போட்டால் கருவிழி கரையும்.

ஃபுசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் போன்ற இழைப் பூஞ்சை என்றால் முதல் மருந்து 5% நாட்டமைசின். மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேரிடம் இதையும் 1% வோரிகோனசோலையும் ஒப்பிட்ட ஆய்வு 2013-ல் வெளியானது. நாட்டமைசின் போட்டவர்களுக்குப் பார்வையும் மேல், கருவிழி ஓட்டையானதும் குறைவு. ஃபுசேரியத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. விலை கூடின மருந்துதான் நல்ல மருந்து என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஆய்வில் மருந்து விட்ட கணக்கு: முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு மூன்றாவது வாரம் முடியும்வரை இரண்டு மணிக்கு ஒன்று. உங்களுக்கு எத்தனை என்பதை டாக்டர்தான் சொல்வார், ஆனால் ‘நாளுக்கு நாலு வேளை’ என்று நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். நாட்டமைசின் கரையாமல் அடியில் தங்கும் மருந்து. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்காவிட்டால் வெறும் தண்ணீர்தான் விழும். கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையை இழுத்துப் பை போலாக்கி, முனை எங்கும் படாமல் ஒரே ஒரு சொட்டு. இரண்டு நிமிடம் கண்ணை மூடியிருங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் முந்தையதை அது கழுவிவிடும். கண்ணில் வெள்ளையாகப் படிவது மருந்துதான், சீழ் அல்ல, துடைத்தெடுக்க வேண்டாம். வலிக்குத் தரும் ஹோமட்ரோபின் சொட்டு கண் பாவையை விரிக்கும். வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். கண்ணைக் கட்டி வைக்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடி போதும்.

தேறுகிறதா என்பதை வலியை வைத்து முடிவு செய்ய முடியாது. புண்ணின் நீள அகலத்தை ஒவ்வொரு முறையும் மில்லிமீட்டரில் சீட்டில் எழுதுவார்கள். எண் குறைகிறதா, ஓரம் மழுங்குகிறதா என்று கேளுங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் கட்டுப்படுத்தாமல் புண் ஆறாது. கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளையாகச் சீழ்மட்டம் தேங்கினால் அன்றே போக வேண்டும். கண்ணிலிருந்து திடீரென்று வெதுவெதுப்பாக நீர் கொட்டி, பார்வை சட்டென்று மங்கினால் கருவிழி ஓட்டையாகிவிட்டது என்று வையுங்கள். சொட்டு விடாமல், அழுத்தாமல், காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி எலும்பில் படும்படி கவிழ்த்து ஒட்டி 108-க்குக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு, தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

புண் ஆறினாலும் பூ விழும், அதாவது வெள்ளைத் தழும்பு நிற்கும். அது நடுவில் இல்லையென்றால் பார்வை ஓரளவு திரும்பும். மேடுபள்ளத்தால் மங்கினால் கடின கான்டாக்ட் லென்ஸ் உதவும், கண்ணாடி அவ்வளவு உதவாது. பார்வைக்கான கருவிழி மாற்று அறுவையைக் கண் முழுக்க அமைதியாகிப் பல மாதம் கழித்தே செய்வார்கள். சிவந்த கண்ணில் வைத்த கருவிழியை உடல் ஒதுக்கும் வாய்ப்பு அதிகம். ஓட்டையான கண்ணுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது, அங்கே கண்ணைக் காப்பாற்றுவதே முதல் வேலை.