போன்ல காந்தப்புலம் அளக்கலாம் வாங்க: நம்ம முற்றத்துலேருந்து மேக்னட்டார் வரைக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்துல களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் இருக்கவங்களுக்கு இந்த சோதனையில ஒரு ஸ்பெஷல் இருக்கு, அது ஸ்டெப் 2ல வரும். திசைகாட்டி வேலை செய்ற போன், ஒயிட்போர்டுல ஒட்டுற பட்டன் காந்தம், ஒரு ஸ்கேல், இது போதும்.

ஸ்டெப் 1: ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, ஜெர்மனியில ஆகன் யுனிவர்சிட்டிக்காரங்க செஞ்சது, அதை இறக்கி மேக்னடோமீட்டரை (காந்தப்புலம் அளக்கிற பகுதி) திறங்க. எக்ஸ், ஒய், இசட்னு மூணு நம்பர் ஓடும், யூனிட் மைக்ரோ டெஸ்லா. போனை காத்துல எட்டு போட்ட மாதிரி நாலஞ்சு தடவை சுத்துனா சென்சார் தன்னைத்தானே சரி பண்ணிக்கும். அப்புறம் ஒரு குண்டூசியை போன் மேல மெதுவா நகத்திப் பாருங்க, எங்க நம்பர் அதிகமா துள்ளுதோ அங்கதான் சென்சார் (நிறைய போன்ல மேல்பக்கம் இருக்கும்), அந்த இடத்தை நினைவுல வச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: வீட்டுக்குள்ள அளக்காதீங்க, பீரோ, இரும்புக் கட்டில், காங்கிரீட்டுக்குள்ள கிடக்கிற கம்பி எல்லாம் சேர்ந்து நம்பரைக் கெடுத்துடும். ரப்பர் தோட்டத்துல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, போனை மல்லாக்க வச்சு, தலைப்பக்கம் வடக்கே பாக்க திருப்புங்க. மொத்தம் சுமாரா 40 வரும், ஆனா இசட்டைப் பாருங்க (போன் மல்லாக்க இருக்கறப்ப அது மேல-கீழ திசை), கிட்டத்தட்ட பூஜ்யம்! பூமியோட காந்தப்புலம் நம்ம ஊர்ல தரைக்கு இணையா படுத்து கிடக்கு, ஏன்னா காந்த நடுக்கோடு (காந்த வட, தென் முனைகளுக்கு நடுவுல பூமியைச் சுத்திப் போற கோடு) நம்மளை ஒட்டித்தான் போகுது. டெல்லியில இதையே செஞ்சா புலம் 40 டிகிரிக்கு மேல சரிஞ்சு தரைக்குள்ள இறங்கும், இசட் பெருசா வரும். இங்கேருந்து பஸ் ஏறினா போற தூரத்துல, திருவனந்தபுரம் பக்கம் இருக்கிற தும்பாவை ராக்கெட் விட தேர்ந்தெடுத்ததும் இதுக்காகத்தான், காந்த நடுக்கோட்டுக்கு மேல சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துல ஓடுற மின்னோட்டத்தை ஆராயணும்னு 1963 நவம்பர் 21ல முதல் ராக்கெட் அங்கேருந்து கிளம்புச்சு.

ஸ்டெப் 3: இப்ப காந்தம். போனை அசைக்காம, சென்சார்லேருந்து 20 செ.மீ தள்ளி வச்சு மூணு நம்பரையும் எழுதுங்க, அப்புறம் 10 செ.மீ. முன்னாடி காந்தம் இல்லாதப்ப வந்த நம்பரை எக்ஸ், ஒய், இசட் ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா கழிக்கணும், மொத்தத்தை மொத்தத்துலேருந்து கழிச்சா தப்பா வரும், திசை வேற வேற இல்லையா. தூரம் பாதியானா புலம் சுமாரா எட்டு மடங்காகும். அதனாலதான் தூரம் சொல்லாம ‘இந்த காந்தம் இத்தனை டெஸ்லா’ன்னு எவனாவது விளம்பரம் பண்ணுனா நான் நம்புறதே இல்ல. பிரிட்ஜ்ல ஒட்டுற ரப்பர் ஸ்டிக்கர் காந்தம் இதுக்கு ஒத்துவராது, அதுல வடக்கு தெற்கு மாறி மாறி பட்டையா இருக்கும், கொஞ்சம் தள்ளுனாலே ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும்.

ஸ்டெப் 4: உங்க 40 மைக்ரோ டெஸ்லாவை ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு மத்ததை வகுத்துப் பாருங்க (பத்து லட்சம் மைக்ரோ டெஸ்லா சேர்ந்தா ஒரு டெஸ்லா). நம்ம இதயத்துலேருந்து நெஞ்சுக்கு வெளிய வர்ற புலம் அதுல பல லட்சத்துல ஒரு பங்குதான். வியாழன் கிரகத்தோட நடுக்கோட்டு மேகத்து மேல சுமார் 10 மடங்கு. சூரியன்ல தெரியுற கரும்புள்ளி 0.3 டெஸ்லா அளவு, அதாவது 7,500 மடங்கு, 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ மெஷின் 37,500 மடங்கு, அப்படின்னா ஸ்கேன் சென்டர்ல இருக்கிற மெஷின் சூரியப் புள்ளியை ஜெயிச்சிடுது! ஜெனிவா பக்கம் எல்எச்சிங்கிற துகள் மோதவிடுற ராட்சத மெஷின்ல புரோட்டானை வளைக்கிற காந்தம் 8.3 டெஸ்லா, 1997ல நெதர்லாந்துல ஒரு தவளையை அந்தரத்துல மிதக்க வச்சது 16 டெஸ்லா. மேக்னட்டார்ங்கிற நியூட்ரான் நட்சத்திரம் (பெரிய நட்சத்திரம் வெடிச்சப்புறம் மிஞ்சுற இறுகிப்போன உருண்டை) ஆயிரம் கோடி டெஸ்லாவையும் தாண்டும், வகுத்தா இரண்டரை கோடி கோடி மடங்குன்னு வருது, கால்குலேட்டர் ஸ்கிரீன்ல இடம் பத்தாது.

கடைசியா ஒண்ணு: நியோடைமியம்ங்கிற ரொம்ப பலமான காந்தத்தை போன்ல ஒட்டாதீங்க, சென்சார் சில ஆயிரம் மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல அளக்காது, உள்ள இருக்கிற இரும்புத் துண்டும் காந்தமாகி திசைகாட்டி கோணலாகிடும். வீட்ல பேஸ்மேக்கர் வச்சவங்க இருந்தா அவங்க பக்கத்துலயே இதைக் கொண்டு போகாதீங்க.