சைடு ப்ராஜெக்ட்டில் கூகுள், கிட்ஹப் லாகின்: மின்னஞ்சலை அடையாளமாக வைக்காதீர்கள்

சின்ன ஆப் ஒன்றுக்காகப் பாஸ்வேர்டு டேபிள், ரீசெட் மெயில் என்று அல்லாட வேண்டியதில்லை. கூகுள் லாகினும் கிட்ஹப் லாகினும் இருந்தாலே போதும். ஒரு லைப்ரரியைப் போட்டால் அரை மணி நேரத்தில் வேலை செய்யும். ஆனால் உள்ளே வந்தவர் யார் என்பதை நம் டேட்டாபேஸ் எப்படி நினைவில் வைக்கிறது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பயனர் டேபிளில் மின்னஞ்சலையே அடையாளமாக வைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. லாகின் முடிந்ததும் கூகுள் அனுப்பும் ஐடி டோக்கனில் (வந்தவர் யார் என்று சொல்லும் தகவல்) 'சப்' (sub) என்று ஒரு மதிப்பு இருக்கும். மின்னஞ்சல் மாறினாலும் அது மாறாது, இன்னொருவருக்கும் போகாது. மின்னஞ்சல் அப்படி இல்லை. ஒருவர் கம்பெனி முகவரியில் பதிவு செய்கிறார், பிறகு வேலையை விட்டுப் போகிறார். அதே முகவரி புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைக்கிறது. அவர் லாகின் செய்தால், முந்தையவர் சேமித்ததெல்லாம் அவர் கண்முன் வந்து நிற்கும். 2023-ல் மைக்ரோசாஃப்ட்டின் லாகின் சேவையான அஸூர் ஏடி-யில் 'என்ஓஆத்' (nOAuth) என்ற பெயரில் வெளிவந்த ஓட்டையும் இதே வகைதான். அங்கே ஒரு நிர்வாகி தன் கணக்கில் யாருடைய மின்னஞ்சலை வேண்டுமானாலும் எழுதிவைக்க முடிந்தது. அதை மட்டும் பார்த்து உள்ளே விட்ட தளங்களில் அடுத்தவர் கணக்கு அப்படியே திறந்துகொண்டது.

அதனால் அடையாளங்களுக்குத் தனி டேபிள் வையுங்கள். சேவையின் பெயர், அது தந்த ஐடி, நம் பயனர் எண் என்று மூன்று நெடுவரிசை போதும். முதல் இரண்டும் சேர்ந்து யுனிக். கிட்ஹப் என்றால் யூசர்நேமை எடுக்காமல் எண்ணாக வரும் ஐடியை எடுங்கள். அங்கே பெயரை மாற்றிக்கொள்ளலாம், விட்ட பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளவும் முடியும்.

சரி, ஒரே ஆள் கூகுளிலும் கிட்ஹப்பிலும் வந்தால்? மின்னஞ்சல் ஒன்றுதானே என்று தானாக இணைத்துவிடாதீர்கள். உங்கள் தளத்தில் பாஸ்வேர்டு பதிவும் இருந்தால் இது இன்னும் ஆபத்து. உங்கள் முகவரியைப் போட்டு யாரோ ஒருவர் முன்கூட்டியே கணக்குத் திறந்துவைக்கிறார், முகவரியை யாரும் சரிபார்க்கவில்லை. அப்புறம் நீங்கள் கூகுள் வழியாக வருகிறீர்கள், இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அவருடைய பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்யும்! லாகின் செய்தபின் செட்டிங்ஸ் பக்கத்தில் அவரவரே இணைத்துக்கொள்ளட்டும் என்று விடுவதுதான் நல்லது. கிட்ஹப் ப்ரொஃபைலில் மின்னஞ்சல் காலியாகவும் வரலாம். அதற்குத் தனி அனுமதி கேட்டு, சரிபார்க்கப்பட்ட முதன்மை முகவரியை எடுக்க வேண்டும்.

லாகினுக்கு அனுப்பும்போது 'ஸ்டேட்' (state) என்ற யூகிக்க முடியாத மதிப்பைக் கூடவே அனுப்பிவிட்டு, திரும்பி வரும்போது ஒப்பிடாமல் விடுவதையும் நிறையப் பார்க்கலாம். ஒப்பிடாவிட்டால், வேறொருவர் தன் லாகினை உங்கள் பிரவுசரில் முடித்துவைக்க முடியும். அவர் கணக்கு என்று தெரியாமலேயே நீங்கள் அதில் தகவலைச் சேமிப்பீர்கள். லாகினைத் தொடங்கிய ஆப்தான் அதை முடிக்கிறது என்று உறுதிசெய்யும் பிகேசிஇ-யையும் (PKCE) சேர்த்துப் போடுங்கள். 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 என்ற பாதுகாப்பு வழிகாட்டி, கிளையன்ட் சீக்ரெட் (கூகுள் போன்ற சேவை நம் ஆப்புக்குத் தரும் ரகசியச் சாவி) உள்ள சர்வர் ஆப்களுக்கும் அதைப் பரிந்துரைக்கிறது.

லாகின் முடிந்து பயனர் திரும்பி வரும் ரீடைரக்ட் முகவரி, கூகுளில் பதிவு செய்ததோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் கூகுள் மறுத்துவிடும். லோக்கலில் ஓடியது சர்வரில் ஓடவில்லை என்றால், என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வருக்குப் பின்னால் இருக்கும் ஆப் எச்டிடிபிஎஸ்-க்குப் பதில் எச்டிடிபி முகவரியை உருவாக்குகிறதா என்று முதலில் பாருங்கள். கிளையன்ட் சீக்ரெட் கோடோடு சேர்ந்து கிட்டில் (Git) ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பது போதாது, ஹிஸ்டரியில் அப்படியே இருக்கும். புதிய சீக்ரெட் எடுத்துப் பழையதை ரத்து செய்யுங்கள்.

ஆப்பிள் லாகின் சேர்ப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். பயனரின் பெயரை ஆப்பிள் முதல் முறை மட்டுமே அனுப்பும், அப்போதே சேமித்துவிட வேண்டும். பெயரோ மின்னஞ்சலோ கேட்டால் பதில் போஸ்ட் கோரிக்கையாக வரும். ஸ்டேட்டைச் சேமித்த குக்கீயை சேம்சைட் லாக்ஸ் (SameSite=Lax) என்று வைத்திருந்தால், வேறு தளத்திலிருந்து வரும் இந்தப் போஸ்டோடு அது வராது, ஸ்டேட் ஒப்பீடு தோற்றுவிடும். ஸ்டேட்டுக்கான குக்கீயை மட்டும் சேம்சைட் நன் (SameSite=None), செக்யூர் (Secure) என்று சில நிமிட ஆயுளோடு வையுங்கள். லாகின் நிலையை நினைவில் வைக்கும் செஷன் குக்கீ லாக்ஸாகவே இருக்கட்டும்.