அக்ஃபா ராபிட் கேமராவுக்குச் சாதாரண ஃபிலிமே போதும்

சிலெட் ராபிட், ஐசோ ராபிட் போன்ற பழைய அக்ஃபா கேமரா கைக்கு வந்தால், அதிலுள்ள வெற்றுக் கேசட்டுகளை (ஃபிலிம் அடைக்கும் சிறு உறைகள்) எறிந்துவிடாமல், கடையில் கிடைக்கும் 35 மி.மீ. ஃபிலிமில் ஏறத்தாழ 60 செ.மீ. நீளத்தை முழு இருட்டில் வெட்டி, முன்முனையின் மூலைகளை மழுக்கி, ஒரு கேசட்டின் பிளவு வழியே சிறுகச் சிறுகத் தள்ளி, அந்த முனை மட்டும் வெளியே நீட்டியிருக்குமாறு விட்டால் போதும். 36 படச் சுருளில் இப்படி இரண்டு துண்டுகள் தேறும்.

கோடக்கின் இன்ஸ்டமாட்டிக் கேமராவுக்குப் போட்டியாக 1964-இல் வந்து விரைவிலேயே வழக்கொழிந்த இந்த ராபிட் (Rapid) முறையில், கேசட்தான் புதிது, ஃபிலிம் வழக்கமானதே. கேசட்டுக்குள் நடுத்தண்டு கிடையாது. கேமராவின் பற்சக்கரம் ஓரத் துளைகளைப் பற்றித் தள்ளத் தள்ள, ஃபிலிம் எதிர்ப்பக்கத்து வெற்றுக் கேசட்டுக்குள் தானே சுருண்டுகொள்கிறது. திருப்பிச் சுற்றும் தொல்லையும் இல்லை (அந்த நாளில் இதுவே பெரிய கவர்ச்சி).

ஒளியளவைத் தானே தீர்மானிக்கும் மாடல்களில் மட்டும் கவனம் தேவை: அவை கேசட்டிலுள்ள சிறு உலோகத் தகட்டைக் கொண்டே ஃபிலிமின் வேகத்தை (ஒளியை உணரும் திறனை) அறிவதால், அதே வேகமுள்ள ஃபிலிமையே நிரப்ப வேண்டும். படத்துக்கு ஒரே துளை கொண்ட ஃபிலிமுக்காக அமைந்த இன்ஸ்டமாட்டிக் வகைக்கு இந்த வழி உதவாது.