ஆகாயத்தாமரைக் கணக்கெடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுப்பகலில் ஏரிக்குப் போய், வலையை நாலு முறை வீசிவிட்டு, 'கூன்வண்டு இல்லை' என்று படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். ஆகாயத்தாமரைக் களப்பணியில் என்னை அதிகம் வருத்தும் தவறு இதுதான். இந்த நீர்க்களையைத் தின்று கட்டுப்படுத்தட்டும் என்று 1980களில் இந்தியாவில் விடப்பட்ட, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நியோகெட்டினா கூன்வண்டு இரவில்தான் மேயும். பகலில் குருத்துக்குள்ளும் காம்பின் அடியிலும் ஒடுங்கிக் கிடக்கும். எனவே தழும்பைத் தேடுங்கள். வண்டு சுரண்டித் தின்ற இடம் சில மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறித் தெரியும். இளம் இலையில் எண்ணினால்தான் அண்மைய மேய்ச்சல் தெரியும். முற்றிய இலை பழைய கணக்கையே சொல்லும். காம்பை நீளவாக்கில் பிளந்து பாருங்கள்: பழுப்பேறிய சுரங்கத்தில் காலில்லாத வெண்புழு இருந்தால், வண்டு அங்கே பெருகுகிறது. கூட்டுப்புழு நீருக்கடியில் வேரில் ஒட்டியிருக்கும், வேரையும் விடாதீர்கள்.

கருகிய இலையெல்லாம் வண்டின் வேலையும் அல்ல. நரம்புகளுக்கிடையே இணைகோடுகளாய் ஓடும் மெல்லிய சுரங்கங்கள் ஆர்த்தோகலும்னா என்ற நுண்ணிய உண்ணியுடையவை.

மழைக்காலம் முடிந்ததும் ஒரே தடவை போய்ப் பரப்பை அளந்தால் போதாது. காற்று திரும்பினால் செடிக்கூட்டம் எதிர்க்கரைக்குப் போய்விடும். நீர்மட்டத்தையும் காற்றின் திசையையும் குறித்து, அதே இடத்திலிருந்து படமெடுத்து, கோடையிலும் போக வேண்டும். சேற்றில் கிடக்கும் விதை 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்கும். வற்றிய கரையோரத்தில் நாற்று முளைத்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

செடியின் இனத்தை உறுதிசெய்யாமல் பூச்சியைப் பற்றிப் பேசவே கூடாது. சால்வீனியா மொலஸ்டா என்ற மிதக்கும் நீர்ப்பெரணிக் களையின் கதையைப் பாருங்கள். அது தனி இனம் என்று 1972இல்தான் விவரிக்கப்பட்டது. அதற்கு முன் உறவுச்செடியிலிருந்து எடுத்து ஆப்பிரிக்காவில் விட்ட பூச்சிகளால் பெரிய பலன் இல்லை. தென்கிழக்கு பிரேசிலில் அதன் தாயகத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எடுத்த வேறொரு வகைக் கூன்வண்டை 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் அங்கே செடி அநேகமாக ஒழிந்தது. பின்னர் அதே வண்டு கேரளத்திலும் இலங்கையிலும் பலன் தந்தது.

அடுத்த நீர்நிலைக்குப் போகுமுன் செருப்பு, வலை, பரிசல் எல்லாவற்றையும் கழுவுங்கள். ஒட்டிய சிறு துண்டே புதுப்படையாகிவிடும்.

எந்திரம் வைத்து மொத்தமாக வாரினால் செடியோடு வண்டும் குப்பைக்குப் போகும். விதையிலிருந்து முளைப்பது எதிரியில்லாமல் பரவும். தழும்பு அதிகமுள்ள பகுதியை வரைபடத்தில் குறித்து, கொஞ்சமாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். சாக்கடை கலக்கும் வாயையும் குறியுங்கள். தழைச்சத்து நிறைந்த நீரில் வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி தழைக்கும். அதைப் பதியாமல் 'வண்டு தோற்றது' என்று எழுதுவது அநியாயம்.