வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காமல் விமானி உரிமம்

விமானிப் பயிற்சிக்கு 50 லட்சம் வரை ஆகும் என்றார்கள். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினாலே வங்கி பெரும்பாலும் அடமானம் கேட்கும். அப்பாவின் வீட்டுப் பத்திரத்தைத் தொடக்கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன்.

அதனால் செலவைத் துண்டு துண்டாக்கினேன். முதலில் மருத்துவப் பரிசோதனை: இரண்டாம் வகுப்பு, அப்புறம் பெங்களூரு விமானப்படை மையத்தில் முதல் வகுப்பு. இதில் தேறாமல் யாரும் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கட்ட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்து, வேலைக்குப் போய்க்கொண்டே டிஜிசிஏ, அதாவது விமானி உரிமம் வழங்கும் மத்திய அரசு இயக்குநரகத்தின், எழுத்துத் தேர்வுகள். நேவிகேஷன், வானிலை, விதிமுறைகள் எல்லாவற்றிலும் 70 சதவீதம் வேண்டும். இரவில் வீட்டிலேயே படித்தேன். சம்பளம் சேமிப்பில் ஏறிக்கொண்டே இருந்தது.

பெரிய மிச்சம் பறக்கும் கட்டத்தில்தான். ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். பறந்த மணிக்கு மட்டும் தவணையாக வாங்கும் மகாராஷ்டிரப் பள்ளி ஒன்றில், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு சேர்ந்தேன். மழைக்காலத்தில் சேர்ந்தால் மேகம் விலகக் காத்திருந்தே விடுதி வாடகை கரையும். இடைவெளி விழுந்தால் கை மறந்துபோகும், பழைய பாடத்தையே மறுபடி காசு கொடுத்துப் பறக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தையும் முந்தைய இரவே நாற்காலியில் உட்கார்ந்து, செக்லிஸ்ட்டை வாய்விட்டுச் சொல்லி, கையசைத்துப் பழகுவேன். உரிமத்துக்குப் பறக்க வேண்டிய 200 மணி நேரமும் அப்படித்தான் வீணாகாமல் முடிந்தது.

கடைசியில் 7 லட்சம் மட்டும், அடமானம் இல்லாமல், கடன் வாங்கினேன். டைப் ரேட்டிங்குக்கு, அதாவது குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதிக்கு, இப்போது தனியாகச் சேர்க்கிறேன்.