ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடம் பக்கம் மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளிடம் "எம்.எஸ்சி. எங்கே சேரப்போறே?" என்று கேட்டால், "ரிசல்ட் வரட்டும்க்கா" என்பார்கள். நானும் அப்படி இருந்துதான் ஒரு வருடத்தை இழந்தேன். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பமோ பெரும்பாலும் அக்டோபருக்குள் முடிந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு மார்ச்சில். ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் வரும்போது இரண்டுமே முடிந்திருக்கும். டிகிரி கையில் இல்லாமலே, இறுதி ஆண்டில் இருக்கும்போதே எழுதலாம். அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

அப்புறம் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை மையம் வழியாகத் தனியாக வாங்க வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாகக் கேட்பார்கள். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு இருக்கும் பெயர், ஆதாரில் அப்பா பெயரை விரித்து எழுதி வேறுபடுகிறதா என்றும் இப்போதே பாருங்கள்.

எஸ்.ஓ.பி., அதாவது இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை, அதை எழுதுவதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. பக்கத்து ஊரான மண்டபத்துப் பெண் ஒருத்தி தான் எழுதியதைக் கொண்டுவந்து காட்டினாள். "சிறு வயது முதலே கடல் எனக்குப் பிடிக்கும்" என்று ஆரம்பித்திருந்தாள். "உங்கம்மா மிதவையில கடல்பாசி கட்டி வளர்க்குறாங்களே, அதுல நீ என்ன பார்த்திருக்கே?" என்றேன். 45 நாளில் அறுக்க வேண்டிய பாசி, வெயில் காலத்தில் நுனி வெளுத்து, தொட்டால் உதிர்ந்துவிடுமாம். "பக்கத்து மிதவை நல்லா இருக்கும், எங்களுது மட்டும் ஏன்க்கா அப்படி?" என்றாள். அதைத்தான் முதல் வரியாக எழுதச் சொன்னேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் மண்டபத்திலேயே இருக்கிறது. பஸ்ஸில் தினமும் அதைத் தாண்டிப் போகிறோம். உள்ளே போய், விடுமுறையில் பயிற்சி கிடைக்குமா என்று கேட்பதில்லை.

கடைசியாகப் பணம். இடம் கிடைத்தால் சில நாட்களுக்குள் கட்டணம் கட்டச் சொல்வார்கள். அது பெரும்பாலும் மே, ஜூனில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் வரவு இருக்காது. இதைத் தெரியாமல் கிடைத்த இடத்தை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தை, மாசியில் மீன்பாடு நன்றாக இருக்கும்போதே அந்தத் தொகையைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லி அப்பாவிடம் பேசிவிடுங்கள், ரயில் செலவையும் சேர்த்து.